கதிரைக்கு வந்த வழி

மகள் இரண்டு கிழமையாகச் சமையலறை மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்புகிறாள். ஒன்ராறியோ மேல் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு. பதினேழு வருடம் சட்டத்தரணியாக வேலை செய்துவிட்டாள். பத்து வருடம் இருந்தாலே விண்ணப்பிக்கலாமாம்.

எனக்கு அது புதினமாக இருந்தது. நான் பருத்தித்துறைக் கோட்டில் 1971 தொடக்கம் 1988 வரை எழுதுவினைஞனாக இருந்தவன். நீதவான் வேலைக்கு ஆட்கள் மனுப்போடுவது தெரியும். அதற்கு மேலே போகப்போக மனு என்ற பேச்சே இல்லை. நியமனம் "வரும்". கொழும்பிலிருந்து வரும். ஏன் இவருக்கு வந்தது, ஏன் அவருக்கு வரவில்லை என்று கோட்டுக்கு முன்னாலிருந்த தேத்தண்ணிக் கடையில் மட்டும் பேசிக்கொள்வோம்.

"ஆரைப் பிடிச்சனீ?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை அப்பா. இஞ்சை அப்பிடி இல்லை."

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாள். விண்ணப்பம் முதலில் ஏழு பேர் கொண்ட ஒரு ஆலோசனைக் குழுவுக்குப் போகும். சட்டச் சங்கம் பிரேரித்த ஒருவர், கனடியச் சட்டத்தரணிகள் மன்றம் பிரேரித்த ஒருவர், மாகாணச் சட்டமா அதிபர் பிரேரித்த ஒருவர், ஒரு நீதிபதி, பொதுமக்கள் சார்பில் மூன்று பேர். இந்தக் குழு முறை 1988 இல் தொடங்கியது. இப்போதிருக்கும் அமைப்பு 2016 இல் வந்தது. அவர்கள் இவளுடன் வேலை செய்தவர்களையும் இவளுக்கு எதிராக வழக்காடியவர்களையும் விசாரிப்பார்கள். பிறகு மூன்றில் ஒன்று சொல்வார்கள்: மிகவும் சிபாரிசு செய்கிறோம், சிபாரிசு செய்கிறோம், சிபாரிசு செய்ய முடியவில்லை. அதன்பிறகு நீதி அமைச்சர், மந்திரிசபை, கடைசியில் மகாதேசாதிபதியின் கையொப்பம்.

"கடைசியிலை அமைச்சர்தானே?"

"ஓம்."

"பிறகென்ன குழு?"

அவள் சிரித்தாள். கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள். "இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. நீங்கள் வேண்டாமெண்டால் எடுத்துப்போடுவன்."

கனடாவில் வாழும் பலவித மக்களைப் பற்றி உனக்கு என்ன விளங்கும், அது எப்படி வந்தது என்பது மாதிரி ஒரு கேள்வி. அதற்கு என்னைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தாள். 1983 இல் நான் வைத்த கையெழுத்தைப் பற்றி.

"நியமனம் கிடைச்சால் இந்தப் பதில்களிலை ஒரு பகுதியை அரசாங்கம் வெளியிடும் அப்பா. ஆரும் வாசிக்கலாம். அதுதான் கேக்கிறன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன்.

*

மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து பார்க்குக்குப் பத்து நிமிட நடை. ஸ்ரீல்ஸும் மக்கோவனும் சந்திக்கும் மூலையில், வாத்துகள் நிற்கும் ஒரு குளத்தோடு இருக்கிறது. காலையில் சீனக் கிழவர்கள் கையை மெதுவாக வீசி அப்பியாசம் செய்வார்கள். பின்னேரத்தில் நாங்கள், அதாவது ஓய்வுபெற்ற தமிழ்க் கிழவர்கள், குளத்தைச் சுற்றி நடந்தபடி விட்டுவந்த ஊரை ஆண்டுகொண்டிருப்போம்.

அன்று தனியாக நடந்தேன். என்னுடைய அப்பா நினைவுக்கு வந்தார். அவர் பருத்தித்துறையில் ஒரு பிறக்கிராசியிடம் கிளாக்கராக இருந்தவர். அவருக்கு நீதிபதிகள் பற்றி ஒரே ஒரு கதைதான். அதைச் சாகும் மட்டும் சொன்னார்.

1962 ஜனவரியில் பொலிஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் பிடிபட்டார்கள். அவர்களை விசாரிக்க அரசாங்கம் அவசரமாக ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது. யூரி இல்லை, மூன்று நீதிபதிகள். அந்த மூவரையும் பெயர் குறிப்பது நீதி அமைச்சர். ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, சிறீஸ்கந்தராஜா ஆகியோரை அமைச்சர் பெயர் குறித்தார். மூன்று பேரும் கதிரையில் இருந்து, இரு பக்க வாதத்தையும் கேட்டு, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: எங்களைப் பெயர் குறிக்க அமைச்சருக்கு அதிகாரம் இல்லை, ஆகவே நாங்கள் இந்த வழக்கை விசாரிக்க முடியாது. சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். தங்களுடைய நியமனத்தைத் தாங்களே தள்ளுபடி செய்தார்கள்.

அப்பா இந்த இடத்தில் கதிரையிலிருந்து எழும்பிக் காட்டுவார். "இருத்தினவனைப் பாத்தே, என்னை இருத்த நீ ஆர் எண்டு கேட்டவங்களடா!" அவர்களில் ஒருவர் எங்கடை ஆள் என்பதில் அப்பாவுக்கு ஒரு தனிச் சந்தோசம்.

பிறகு சட்டத்தைத் திருத்திப் பெயர் குறிக்கும் அதிகாரத்தைப் பிரதம நீதியரசரிடம் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவும் கலைந்தது; அதில் இருந்த ஒருவர் முன்பு சட்டமா அதிபராக அந்த விசாரணையில் சம்பந்தப்பட்டவர். மூன்றாவது குழு 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அதையும் 1965 மார்கழியில் இலண்டன் பிரிவுக் கவுன்சில் தள்ளிவிட்டது. அப்பாவுக்கு இந்தப் பின்கதையில் அக்கறை இல்லை. அவர் எழும்பிப் போனதோடு கதையை முடித்துவிடுவார்.

நான் கோட்டில் சேர்ந்த காலம் வேறு. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு பழைய நீதிச்சேவை ஆணைக்குழுவை எடுத்துவிட்டுக் கீழ்க்கோட்டு நீதிபதிகளை நியமிப்பதை மந்திரிசபையிடம் கொடுத்தது. 1978 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசியலமைப்பு வந்தபோது இன்னொரு காரியம் நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். பிறகு புதிதாக நியமனம் நடந்தது. சிலருக்கு அது கிடைக்கவேயில்லை. சிலர் ஒரு படி இறக்கப்பட்டு, புதிதாக உண்டாக்கிய மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடப்பட்டார்கள். ஒருவர்மீதும் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அரசிறை வேலைகாரர்களான நாங்கள் எங்கள் மேசைகளில் இருந்துகொண்டே அதைப் பார்த்தோம். அவர்களுக்கே இப்படி என்றால் எங்களுக்கு என்ன என்ற பயம் அப்போதுதான் உள்ளே போனது.

*

1983 ஓகஸ்ட் 8 ஆம் திகதி ஆறாவது திருத்தம் சட்டமானது. ஆடிக் கலவரத்தின் புகை அடங்கவில்லை. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினர், நீதிபதி, சட்டத்தரணி, அரச உத்தியோகத்தர் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். எங்கள் கந்தோரில் ஒரு நாள் காலை மேசையில் ஒரு கட்டுப் படிவம் வந்தது. பக்கத்தில் ஒரு பேனை. வரிசையாகப் போனோம். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடாமல் அப்படியே என்னிடம் நீட்டினார். எனக்கு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். இரவு சாப்பிடும்போது, "வைச்சிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் எழும்பிக் கை கழுவப் போனார்.

அதே மாதங்களில் கொழும்பில் நடந்ததுதான் எனக்குப் பிறகு ஒரு விசித்திர ஆறுதலாக இருந்தது. நாட்டின் பெரிய நீதிபதிகளும் இதே சத்தியத்தைச் செய்தார்கள். ஆனால் உரியவர் முன்னிலையில், உரிய காலத்துக்குள் செய்யவில்லை, ஆகவே பதவி போய்விட்டது என்று ஒரு வாதம் கிளம்பியது. ஒரு நாள் அவர்கள் வந்தபோது நீதிமன்றக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. பொலிஸ் காவல் நின்றது. பிறகு ஜனாதிபதி அவர்களைத் திரும்ப நியமித்தார். அப்படி நியமித்தது தேவையில்லாதது, நாங்கள் பதவி இழக்கவே இல்லை என்று அந்த நீதிபதிகள் ஒரு வழக்கில் தீர்த்தார்கள். அந்த வழக்கு எங்கடை யாழ்ப்பாணத்து "சற்றடே ரிவியூ" பத்திரிகையைச் சீல் வைத்ததற்கு எதிராகப் போட்டது.

அப்போது பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன். 1977 இல் ஜயவர்த்தனா அவரைச் சட்டத்தரணித் தொழிலிலிருந்து நேரே கொண்டுபோய்ப் பிரதம நீதியரசர் கதிரையில் இருத்தினார். "தங்கடை ஆளைக் கொண்டந்து இருத்தியாச்சு" என்று தேத்தண்ணிக் கடையில் பேசினோம். நாங்கள் பிழை. அந்த மனிதர் ஒருவருக்கும் ஆளாக இருக்கவில்லை. 1984 இல் ஒரு பரிசளிப்பு விழாவில் அரசாங்கத்தை விமர்சித்துப் பேசியதற்காக அவரைப் பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. அது முடிவதற்கு முன்பே வயது வந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் ஒரு தமிழர், சர்வானந்தா. 1983 க்கு அடுத்த வருடம் பிரதம நீதியரசர் தமிழர்! உலகத்துக்குக் காட்ட நல்ல படம். பருத்தித்துறையில் யாரும் பட்டாசு கொளுத்தவில்லை.

*

1987 இல் வடமராட்சியில் "ஒப்பரேசன் லிபரேசன்" நடந்தது. அடுத்த வருடம் நாங்கள் வெளிக்கிட்டோம். 1990 இல் ரொறன்ரோவில் எனது அகதி விசாரணை. ஒரு சிறிய அறை, இரண்டு உறுப்பினர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர். மகள் வெளியே வாங்கில் தாயோடு இருந்தாள். ஒன்பது வயது.

உறுப்பினர்களில் ஒருவர் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் அரச உத்தியோகத்தர். 1983 இல் விசுவாசச் சத்தியமும் செய்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அரசாங்கம் உங்களை ஏன் துன்புறுத்த வேண்டும்?"

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேனை அங்கே வந்து நின்றது. எனக்கு வாய் உலர்ந்தது. கடைசியில் சொன்னேன்: "ஐயா, சத்தியம் செய்த வீடு எது, செய்யாத வீடு எது என்று பார்த்து ஷெல் விழுவதில்லை."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தடுமாறி அதை மொழிபெயர்த்தார். கேட்டவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்றுதான் என் ஞாபகம். எங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பார்வை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பல வருடம் கழித்து மகள் சட்டம் படிக்கும்போது சொன்னாள். முன்பெல்லாம் அகதி சொன்னதைக் கடதாசியில் எழுதி ஒட்டாவாவுக்கு அனுப்புவார்களாம். முடிவு செய்பவர் அகதியின் முகத்தைக் காண்பதேயில்லை. 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அது சரியில்லை என்று தீர்த்தது. ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மூன்று பேர் உரிமைகள் சாசனத்தை வைத்து, மற்ற மூன்று பேர் பழைய உரிமைகள் சட்டத்தை வைத்து. சாசனத்தை வைத்து எழுதியவர் பேர்த்தா வில்சன். நாட்டில் நிற்கும் எவருக்கும் சாசனம் பாதுகாப்புத் தரும், உயிர் போகிற விசயத்தில் ஆளை நேரே கேட்கத்தான் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தத் தீர்ப்பால்தான் 1989 இல் அகதிகள் சபை வந்தது. நான் அந்த அறையில் இருந்தேன்.

பேர்த்தா வில்சனும் வந்தேறி. ஸ்கொட்லாந்தில் பிறந்து 1949 இல் கனடா வந்தவர். சட்டம் படிக்கப் போனபோது, வீட்டுக்குப் போய் நூல் பின்னு என்று கல்லூரித் தலைவர் சொன்னாராம். 1982 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். அடுத்த மாதம் சாசனம் அமுலுக்கு வந்தது. அவரை எப்படித் தெரிவு செய்தார்கள்? அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்குக் குழுவும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. பிரதமர் கதவைப் பூட்டிக்கொண்டு யாரையோ கேட்டு, யாரையோ விட்டு, ஒரு பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். 2016 இல்தான் உச்ச நீதிமன்றத்துக்கும் ஒரு சுயாதீன ஆலோசனைச் சபையும் விண்ணப்ப முறையும் வந்தன.

அதாவது சமரக்கோன் வந்த மாதிரிப் பூட்டிய கதவால்தான் என் உயிரைக் காப்பாற்றிய தீர்ப்பை எழுதியவரும் வந்தார்.

*

குளத்தை இரண்டாம் முறை சுற்றும்போது வாத்தியார் வந்து சேர்ந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். மகளின் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

"கட்சி இல்லையாம். குழுவாம்."

"எல்லா இடமும் ஒண்டுதான் ஐசே."

வாத்தியார் பேப்பர் வாசிப்பவர். ஆதாரத்தோடுதான் பேசுவார். 2019 இல் ஒட்டாவாவில் நீதிபதி ஆக இருந்தவர்களின் பெயர்களை லிபரல் கட்சியின் சொந்தப் பட்டியலிலும் தேடிப் பார்த்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதியதைச் சொன்னார். ஒன்ராறியோவில் 2021 இல் சட்டத்தை மாற்றி, மாகாண நீதிபதிப் பதவிக்குக் குழு ஆகக் குறைந்தது இரண்டு பெயர் கொடுத்த இடத்தில் ஆறு பெயர் கொடுக்கச் செய்ததைச் சொன்னார். பெயர் கூடினால் அமைச்சரின் கையும் நீளும். 2024 இல் அந்தக் குழுவுக்கே அரசாங்கத்தின் பழைய ஊழியர்கள் இருவரைப் போட்டதும், எங்களைப் போல நினைக்கிறவர்களைத்தான் போடுவேன் என்று மாகாண முதல்வர் டக் போர்ட் ஒளிக்காமல் சொன்னதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

எல்லாம் உண்மை. ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. 2013 இல் கனடாப் பிரதமர் மார்க் நாடோன் என்பவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். சத்தியப் பிரமாணமும் ஆகிவிட்டது. கியூபெக்குக்கு உரிய மூன்று கதிரைகளில் ஒன்றுக்கு இவருக்குச் சட்டப்படி தகுதி இல்லை என்று 2014 மார்ச்சில் அதே நீதிமன்றம் தீர்த்தது. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு கதவும் பூட்டப்படவில்லை; வேறொருவரை நியமித்தார்கள். அதற்கு முந்திய வருடம், 2013 ஜனவரியில், கொழும்பில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்காவைப் பாராளுமன்றத்தில் கையுயர்த்தி நீக்கிவிட்டு வேறொருவரை இருத்தினார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு நாள் இருத்தினார்கள். மறுநாள் அவர் ஓய்வு பெற, அதற்கடுத்த நாள் சிறீபவன் பதவியேற்றார். மூன்று நாளில் இலங்கைக்கு எத்தனை பிரதம நீதியரசர் என்று ஒரு புதிர்க் கணக்கே போடலாம்.

"அங்கையும் குழு போட்டவைதானே?" என்றார் வாத்தியார்.

போட்டார்கள். ஜனாதிபதி தனியே நியமிக்காமல் அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடு நியமிக்க வேண்டும் என்று 2001 இல் 17 ஆவது திருத்தம். 2010 இல் 18 ஆவது திருத்தம் அதைக் கழற்றியது. 2015 இல் 19 ஆவது திரும்பப் பூட்டியது. 2020 இல் 20 ஆவது கழற்றியது. 2022 இல், ஒரு ஜனாதிபதியைச் சனங்கள் ஓட ஓடக் கலைத்த பிறகு, 21 ஆவது மறுபடி பூட்டியது. வீட்டுக்குக் கதவு போடுகிற மாதிரி இல்லை. கூத்து மேடைக்குத் திரை கட்டுகிற மாதிரி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகாரம் கூடியவர்கள் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றினார்கள். உபயோகமில்லாத சாமானை யாரும் இப்படி மினக்கெட்டுக் கழற்றுவதில்லை.

நான் வாத்தியாருக்குச் சொல்ல முயன்றது இதுதான். நியமனம் என்பது ஒரு கடன். ஒருவர் கையிலிருந்து வாங்கினால், அந்த ஒருவர் ஒரு நாள் வந்து கேட்பார். சமரக்கோன் மாதிரி ஒருவர், என்னிடம் இல்லை போ என்று சொல்லலாம். 1962 இல் அந்த மூன்று பேரும் காசைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி நாடு நடத்த முடியாது. ஏழு பேர் பார்த்து, எதிராளியையும் கேட்டு, அமைச்சர் கையெழுத்து வைத்து, பதில்களை ஊர் வாசித்து ஒரு நியமனம் வந்தால், கடன் பத்து இடத்தில் சிதறிப் போகிறது. யாரும் தனியே வந்து வாசலில் நிற்க முடியாது. துணிவில்லாத மனிதனும் நேர்மையாக இருக்கலாம். எங்களில் கனபேர் துணிவில்லாதவர்கள்தான். எனக்கு அது தெரியும்.

வாத்தியார் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். "உம்மடை மகளுக்குக் கிடைச்சால் சந்தோசம்தான்" என்றார்.

*

வீட்டுக்கு வந்தபோது மகள் அப்பாக்களைப் பற்றி இன்னொரு கதை சொன்னாள். ரோசலி அபெல்லா 1946 இல் ஜேர்மனியில் ஒரு அகதி முகாமில் பிறந்தவர். தகப்பன் போலந்தில் சட்டம் படித்தவர். கனடாவுக்கு வந்தபோது, நீ பிரசையில்லை, சட்டத்தொழில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் காப்புறுதி விற்றார். மகள் சட்டப் படிப்பை முடிக்க ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். அந்த மகள் 2004 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

"அவ தகப்பனைப் பற்றி எல்லா இடமும் சொல்லுவா" என்றாள்.

"அந்த மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லையே பிள்ளை."

அவள் ஒன்றும் பேசவில்லை. கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். 1983 இல் என் தகப்பனாரிடம் பலவந்தமாகக் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"இதை மாத்து" என்றேன்.

"எடுக்கட்டோ?"

"எடுக்காதை. பலவந்தமா வாங்கினவை எண்டு எழுதாதை. ஆரும் என்ரை கையைப் பிடிக்கேல்லை. பயத்திலை வைச்சவர் எண்டு எழுது. அதோடை, எங்கடை அப்பாவைப் பற்றியும் ஒரு வரி போடு. சாப்பாட்டிலை இருந்து எழும்பினவர் எண்டு."

"அது ஏன் அப்பா இவைக்கு?"

"நீ அந்தக் கதிரையிலை இருந்தால் உனக்கு முன்னாலை கனபேர் வருவினம். பயத்திலை கையெழுத்து வைச்சவை, பயத்திலை பொய் சொன்னவை. நிமிந்து அவையின்ரை முகத்தைப் பார்க்கத் தெரியவேணும். அந்தக் கதை உனக்குத் தெரியும் எண்டு அவை அறியட்டும்."

அவள் திருத்தினாள். பிறகு மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். படிவத்தை அனுப்ப ஒரு பொத்தான்தான். அழுத்தினாள், போய்விட்டது.

அது மூன்று மாதத்துக்கு முன்பு. இன்னும் ஒரு பதிலும் வரவில்லை. பார்க்கில் வாத்தியார் ஒவ்வொரு நாளும் கேட்கிறார், "வந்திட்டுதோ?" என்று. இல்லை என்கிறேன். அப்படியென்றால் குழு விசாரிக்கிறது போல என்கிறார் அவர். எல்லா இடமும் ஒன்றுதான் என்று இப்போது சொல்வதில்லை.